பிஸ்கட் என்றால் எது, வேஃபர் என்றால் எது? பேக்கரி கல்லாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் குடும்பம் பேக்கரி நடத்துகிறது. நான் கல்லாவில் உட்காரத் தொடங்கி இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஒரு டிசம்பரில், மும்பையிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம் வீட்டு விசேஷத்துக்கு ஐந்து கிலோ வேஃபர்ஸ் வேண்டும் என்று போனில் சொன்னார்கள். நானும் வெனிலா, சாக்லேட் என்று கிரீம் வேஃபராகப் பார்த்துப் பார்த்து அனுப்பினேன். மத்தியானம் அந்த வீட்டு அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். “அண்ணாச்சி, நான் கேட்டது உருளைக்கிழங்கு சிப்ஸ்லா! சாம்பார் சோத்துக்குக் கிரீம் பிஸ்கட்டையா வைக்க?” என்றார். பந்தி தொடங்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஜங்ஷனுக்கு ஆள் அனுப்பி சிப்ஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். கேட்டவர் மேலும் தப்பில்லை, கொடுத்த என் மேலும் தப்பில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. அதற்குப் பிறகு இந்த இரண்டு சொற்களைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் தேடிப் படித்து வைத்துக்கொள்வேன். அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

பிஸ்கட்டுக்கும் வேஃபருக்கும் செய்முறையில் என்ன வித்தியாசம்?

பிஸ்கட் பிசைந்த மாவு, வேஃபர் கரைத்த மாவு. சப்பாத்தி மாவுக்கும் தோசை மாவுக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பிஸ்கட்டுக்கு மைதா, சர்க்கரை, நெய் அல்லது டால்டா எல்லாம் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, தேய்த்து, வெட்டி, அடுப்பில் வைக்கிறோம். தண்ணீர் கொஞ்சம்தான். வேஃபருக்கு மாவைவிடத் தண்ணீர் அதிகம். அந்தக் கரைசலைச் சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி மூடினால், தண்ணீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு ஓரங்கள் வழியாக வெளியேறும். அது போன இடமெல்லாம் சின்னச் சின்ன அறைகளாக நிற்கும். இரண்டு நிமிடத்தில் தாள் தயார். கடித்தால் ‘மொறுக்’ என்று உடைந்து, உடனே நாக்கில் கரைவது அந்தக் காலி அறைகளால்தான். ஒரு கிரீம் வேஃபரைக் குறுக்கே உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், அந்த அறைகள் கண்ணுக்கே தெரியும்.

இந்தப் பேர்கள் எப்படி வந்தன?

பிஸ்கட் என்பதற்கு வேர் லத்தீனில் ‘பிஸ் கோக்டுஸ்’, அதாவது இரண்டு முறை சுட்டது. ஒரு தடவை ரொட்டியாகச் சுட்டு, அப்புறம் ஈரம் போக இன்னொரு தடவை காயவைப்பார்கள். அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கெடாது. கப்பலில் போனவர்கள் அதை நம்பித்தான் போனார்கள். மாவு, தண்ணீர், உப்பு மட்டும் சேர்த்த கல் போன்ற பிஸ்கட்தான் பிரிட்டிஷ் கடற்படையில் அன்றாட உணவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு. பேரின்படி பார்த்தால் இன்றைக்கு நம் கடையில் உண்மையான ‘பிஸ்கட்’ ரஸ்க்தான். ரஸ்க்கை மட்டும்தான் இன்னமும் இரண்டு முறை சுடுகிறோம். கண்ணாடி ஜாடியில் பிஸ்கட் என்று இருப்பதெல்லாம் ஒரே தடவை சுட்டது. வழக்கம் போனாலும் பேர் தங்கிவிட்டது.

வேஃபரும் வாஃபிளும் உடன்பிறப்புகள். தேனடையைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லோடு இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். இரும்புத் தகட்டின் கட்டங்கள் பதிந்த தாள் தேனடை மாதிரி இருப்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. பிஸ்கட்டின் பேர் சுட்ட விதத்திலிருந்து வந்தது, வேஃபரின் பேர் வடிவத்திலிருந்து வந்தது. பின்னால் பிஸ்கட் என்று பேர் வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவை காய்ந்த, கெட்டியான சின்னத் துண்டுகள். வேஃபர் என்று பேர் வாங்கியவை எல்லாம் மெல்லிய தகடுகள்.

‘பிஸ்கோத்து’ என்று சொல்வது தப்பா?

தப்பே இல்லை. பிஸ்கட் ஆங்கிலம் வழியாக வந்த சொல் என்றால், பிஸ்கோத்து போர்த்துக்கீசியரின் ‘பிஸ்கோய்து’. ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் வந்த வழி அது. நம் பக்கத்துக் கடற்கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தது 16-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்த வருஷம் 1542. ஆங்கிலேயக் கம்பெனி தொடங்குவதற்கே அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் ‘விசுக்கோத்து’ என்றுதான் சொல்கிறார்கள்.

நம்மிடம் அந்தச் சொல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அற்பமான விஷயத்தை ‘பிஸ்கோத்து மேட்டர்’ என்கிறோம். ஒருவரை இனிக்கப் பேசி மடக்குவதற்கு ‘பிஸ்கட் போடுகிறான்’ என்கிறோம், நாய்க்குப் பிஸ்கட் போட்டுப் பழக்குகிற மாதிரி. எனக்கென்னவோ பிஸ்கோத்து என்று வாய் நிறையச் சொல்லிக் கேட்கிற பெரியவர்களைக் கண்டால் மனசு குளிர்ந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு கடற்கரைச் சரித்திரமே இருக்கிறது.

தனித்தமிழ் விரும்புகிறவர்கள் ‘மாச்சில்’ என்றும் ‘ஈரட்டி’ என்றும் எழுதுகிறார்கள். ஈரட்டியில் ‘ஈர்’ இரண்டையும், ‘அடுதல்’ சமைப்பதையும் நினைவூட்டுகிறது. லத்தீன் பேரின் பொருள் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடையில் யாரும் ஈரட்டி கேட்டதில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த சொல்.

அமெரிக்காவில் பிஸ்கட் என்று கேட்டால் வேறு எதையோ தருகிறார்களாமே?

எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து கேட்ட கேள்வி இது. “எய்யா, காலையில பிஸ்கட்டுன்னு சொல்லிப் பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சாவ. கூட வெள்ளையா ஒரு குழம்பு. நான் டீயில முக்கித் திங்கதுக்குல்லா எதிர்பார்த்தேன்!”

அங்கே பிஸ்கட் என்றால் மைதா, வெண்ணெய், மோர், பேக்கிங் பவுடர் சேர்த்து நல்ல சூட்டில் சுட்ட மெத்தென்ற பலகாரம். பன் மாதிரி தெரியும், ஆனால் ஈஸ்ட் கிடையாது, பிய்த்தால் அடுக்கடுக்காக வரும். தெற்கு மாநிலங்களில் காலைச் சாப்பாட்டுக்கு இறைச்சி போட்ட வெள்ளைக் குழம்போடு சாப்பிடுவார்கள். இட்லிக்கு நாம் சாம்பார் ஊற்றுவதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

‘இரண்டு முறை சுட்டது’ எப்படி மெத்தென்று ஆனது? முன்னால் அங்கேயும் அது கெட்டியாகத்தான் இருந்தது. மாவை உப்பவைக்கச் சோடா இல்லாத காலத்தில், பிசைந்த மாவைக் கட்டையால் அரை மணி நேரம் அடி அடி என்று அடித்துக் காற்றேற்றிச் சுட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் வந்தன. பண்டம் மெத்தென்று மாறியது, பேர் மாறவில்லை. நம் பிஸ்கட் அங்கே இனிப்பாக இருந்தால் குக்கீ, உப்பாக இருந்தால் கிராக்கர். குக்கீ என்பது டச்சுக்காரர்களின் ‘சின்னக் கேக்’ என்ற சொல்.

ஆச்சிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன்: அடுத்த தடவை போகும்போது குக்கீ என்று கேளுங்கள்.

மும்பைக்காரர்கள் சிப்ஸை ஏன் வேஃபர் என்கிறார்கள்?

மெல்லிய வில்லையாகச் சீவியது என்பதால்தான். மும்பையிலும் குஜராத்திலும் உருளைக்கிழங்கு வேஃபர், வாழைக்காய் வேஃபர் என்பது சர்வ சாதாரணம். நாம் சிப்ஸ் என்கிறோம். இங்கிலாந்தில் அது கிரிஸ்ப்ஸ். அங்கே போய்ச் சிப்ஸ் கேட்டால் விரல் கனத்தில் வறுத்த உருளைக்கிழங்கு வரும். நெல்லையிலிருந்து மும்பைக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் ஏராளம் என்பதால், விடுமுறைக் காலத்தில் யாராவது வேஃபர் கேட்டால் “கிரீம் வச்சதா, உப்புக் காரமா?” என்று இப்போது கேட்டுவிடுகிறேன்.

மாதா கோயிலில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும்போது தருகிறார்களே, அது பிஸ்கட்டா வேஃபரா?

சின்னப் பிள்ளைகள் ‘சாமியார் பிஸ்கட்’ என்று சொல்லிப் பெரியவர்களிடம் திட்டு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பொருளைப் பார்த்தால் அது வேஃபர். சொல்லப்போனால் வேஃபரின் பழைய, சுத்தமான வடிவம் அது. கத்தோலிக்கர்கள் நற்கருணை அப்பம் என்றும், பழைய வழக்கில் ஓஸ்தி என்றும் சொல்கிறார்கள். கோதுமை மாவு, தண்ணீர், இந்த இரண்டைத் தவிர எதுவும் கூடாது என்பது அவர்கள் விதி. புளிப்பு, உப்பு, சர்க்கரை கிடையாது. கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பம் கொடுக்கலாம், அறவே இல்லாதது செல்லாது என்று வத்திக்கான் 2017-இல் மறுபடியும் தெளிவாக எழுதியது.

செய்கிற விதம் அழகானது. பல இடங்களில் கன்னியர் மடங்களில்தான் செய்கிறார்கள். சிலுவை செதுக்கிய சூடான தகடுகளுக்கு நடுவில் மாவுக் கரைசலை ஊற்றி, பெரிய தாளாகச் சுட்டு எடுக்கிறார்கள். சுட்ட சூட்டில் வெட்டினால் நொறுங்கிவிடும். அதனால் தாளைக் கொஞ்ச நேரம் ஈரக் காற்றில் வைத்து, வளைகிற பதம் வந்த பிறகு வட்டமாக வெட்டுகிறார்கள். எங்கள் கடையில் ஈரத்தைக் கண்டாலே பயப்படுவோம். அங்கே அதே ஈரத்தை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்துக்கு வேஃபரும் உண்டு, ரொட்டித் துண்டும் உண்டு, இடத்துக்கு இடம் மாறும். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலும் புளித்த மாவு ரொட்டி. ‘அப்பம்’ என்ற தமிழ்ச் சொல் இதில் இன்னொரு முடிச்சு. வேதாகமத்தில் ஐந்து அப்பம் இரண்டு மீன் என்று படிக்கும்போது, வெல்ல அப்பத்தை மீனோடு எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நான் சின்ன வயதில் யோசித்ததுண்டு. அங்கே அப்பம் என்றால் ரொட்டி.

கங்கைகொண்டானில் ‘வேஃபர்’ வேலை என்கிறார்களே, அது என்ன?

சாப்பிடுகிற வேஃபர் இல்லை, சிலிக்கான் வேஃபர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவரின் டிபி சோலார் ஆலை இருக்கிறது. வருஷத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. சிலிக்கான் வேஃபரை எடுத்து, அதைச் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் செல்லாக மாற்றி, செல்களைக் கோத்துப் பலகையாக்கும் வேலை அங்கே நடக்கிறது.

சிலிக்கானை 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, அதில் ஒரு சின்னப் படிகத்தைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மெல்ல மேலே தூக்குவார்கள். உருகியது அதன்மேல் படிந்து படிந்து தடித்த உருளையாக வளரும். பனங்கற்கண்டு காய்ச்சுகிற இடத்தில், பாகில் தொங்கவிட்ட நூலைப் பிடித்துக் கற்கண்டு வளர்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். போலந்துக்காரர் யான் சோக்ரால்ஸ்கி 1916-இல் கண்டுபிடித்த முறை. அந்த உருளையை வைரத்தூள் பதித்த கம்பியால் சீவினால் கிடைக்கிற வில்லைதான் வேஃபர். சோலார் வேஃபரின் கனம் இப்போது சுமார் 0.15 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வருகிற கனத்தைவிடக் குறைவு. கம்ப்யூட்டர் சிப் செய்கிற வேஃபர் கொஞ்சம் தடிமன். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு 0.775 மில்லிமீட்டர். அதைச் சின்னச் சின்னதாக வெட்டினால் சிப். மும்பைச் சமையலறையில் வேஃபரும் சிப்பும் ஒன்றேதான். சிலிக்கான் ஆலையில் வேஃபரை வெட்டினால் சிப்.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை வேஃபர் என்று சொல்லலாமா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சிலர் உளுந்து வேஃபர் என்று விளக்குகிறார்கள். வடிவத்துக்குப் பொருந்தும், செய்முறைக்குப் பொருந்தாது. அப்பளம் உளுந்து மாவை இடித்துப் பிசைந்து, தேய்த்து, காயவைத்து, எண்ணெயில் பொரிப்பது. கரைத்து ஊற்றுவது இல்லை. அப்பளத்துக்கு அப்பளம் என்ற பேரே போதும் என்பது என் கட்சி.

ஆனால் வரிக்கணக்கில் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பொருளை வகைப்படுத்த ஜிஎஸ்டி பில்லில் போடுகிற ஹெச்எஸ்என் எண்ணில் 1905 என்ற தலைப்பை எடுத்துப் பாருங்கள். பிஸ்கட், வேஃபர், ரஸ்க், நற்கருணை அப்பம், கசப்பு மருந்துப் பொடியைப் பொதிந்து விழுங்கும் மாவுக்கூடு, கடிதத்தை ஒட்டி முத்திரையிட அந்தக் காலத்தில் பயன்பட்ட மாவு வில்லை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குக் கீழே வருகின்றன. இந்தியா அப்பளத்தையும் அங்கேயே வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் பாதியை அந்த ஒரு வரி சொல்லிவிடும். அந்த மருந்துக்கூடும் முத்திரை வில்லையும் ஆங்கிலத்தில் வேஃபர்தான்.

வரி மட்டும் ஒன்றில்லை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வட்டமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும் கிடையாது என்று 2021-இல் ஒரு சந்தேகம் கிளம்பியபோது மத்திய மறைமுக வரி வாரியம் விளக்கம் கொடுத்தது. பிஸ்கட்டுக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது.

தங்க பிஸ்கட், பிஸ்கட் கலர், ஆசாரி சொல்லும் பிஸ்கட்: இவையெல்லாம்?

தங்க பிஸ்கட் அளவாலும் வடிவத்தாலும் பேர் வாங்கியது, கைக்குள் அடங்கும் கட்டி. 100 கிராம் உண்டு. பழைய பத்துத் தோலா கட்டி 116.64 கிராம். பிஸ்கட் கலர், நல்ல பக்குவத்தில் சுட்ட மேல்தோலின் நிறம். ஜவுளிக்கடையில் அதைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆசாரி சொல்வது, பலகை இரண்டை இணைக்கிற பிஸ்கட். பீச் மரத்தை அழுத்தித் தட்டையாக்கிய முட்டை வடிவத் துண்டு, 4 மில்லிமீட்டர் கனம். இரண்டு பலகையிலும் பள்ளம் வெட்டி, பசை தடவிச் செருகினால், பசையின் ஈரத்தை உறிஞ்சி மரத்துண்டு உப்பி, பிடித்துக்கொள்ளும். டீயில் போட்ட பிஸ்கட் உப்புகிற அதே சங்கதி, இங்கே வேலைக்கு உதவுகிறது.

மண்பாண்டத்திலும் ஒரு பிஸ்கட் உண்டு. பளபளக்கும் பூச்சுப் பூசுகிற பீங்கானை முதலில் பூச்சில்லாமல் ஒரு தடவை சுடுவார்கள். அந்த நிலைக்குப் பேர் பிஸ்கட். அப்போது அது காய்ந்து, நுண்துளைகளோடு இருக்கும். நாக்கு நுனியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். காருகுறிச்சியில் செய்கிற பானைக்கும் சட்டிக்கும் பூச்சு கிடையாது, ஒரே சூளைதான். அதனால்தான் அந்தப் பானையில் தண்ணீர் கசிந்து குளிர்கிறது.

பிஸ்கட்டில் ஏன் ஓட்டை போடுகிறார்கள்?

ஆவி போக. குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பிவிடும்.

தூத்துக்குடி மக்ரூன் பிஸ்கட்டா?

இல்லை. மாவே இல்லாத பண்டம் அது. முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரித்தூள் சேர்த்து, கூம்பாகச் சுற்றி வைத்து, மெல்லிய சூட்டில் சுடுவதைவிட உலர்த்துவது என்றே சொல்லவேண்டும். 1986 வரை தூத்துக்குடியும் எங்கள் ஜில்லாதான். அந்த உரிமையில் சொல்கிறேன், அதைப் பிஸ்கட் வரிசையில் வைக்காதீர்கள்.

கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் எல்லை எது?

இங்கிலாந்தில் இதற்காக வழக்கே நடந்தது. அங்கே கேக்குக்கு விற்பனை வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. மெக்விட்டீஸ் நிறுவனத்தின் ஜாஃபா கேக் எந்தப் பக்கம் என்று 1991-இல் தீர்ப்பாயம் விசாரித்தது. அளவில் பிஸ்கட் மாதிரி, விற்பதும் பிஸ்கட்டுகளோடு. ஆனாலும் கேக்தான் என்று முடிவானது. பார்த்த விஷயங்களில் ஒன்று, பழசானால் என்ன ஆகிறது என்பது. கேக் பழசானால் ஈரம் போய் இறுகும். பிஸ்கட் பழசானால் ஈரம் வாங்கி நமுத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகியது. பேக்கரி வேலை தெரிந்த எவரும் தலையாட்டும் தீர்ப்பு.

ஐப்பசி மழையில் எல்லாம் நமுத்துப்போகிறதே, என்ன செய்ய?

பிரெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். பிஸ்கட்டில் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது, வேஃபரில் அதைவிடக் குறைவு. அதனால் காற்றில் ஈரம் ஏறியதும் முதலில் படுப்பது வேஃபர். பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே தின்றுவிடுங்கள். பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் அடி வரை காயத் துடைத்துப் போட்டு, மூடி இறுக்கி வையுங்கள். ரஸ்க்கையும் கேக்கையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கேக்கின் ஈரம் ரஸ்க்குக்குப் போய், இது நமுக்கும், அது இறுகும்.

நமுத்த பிஸ்கட்டைத் தூக்கிப் போடவேண்டாம். அடிகனமான தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டில் பிஸ்கட்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, ஐந்து நிமிடம் விடுங்கள். எடுத்த உடனே மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இரண்டாவது தடவை சுட்டாயிற்று, இப்போதுதான் அது பேருக்கேற்ற பிஸ்கட். கிரீம் வைத்ததை மட்டும் இப்படிச் சூடாக்காதீர்கள், உருகி வழிந்துவிடும்.